வெல்டிங் கண்ணாடியில் சுக்கிரன்

நாச்சியா,

போனில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் புதன்கிழமை காலை, கம்பெனியிலிருந்து ஒரு நாளைக்கென்று எடுத்துவந்த வெல்டிங் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தேன். அதன் குறுக்கே சுக்கிரன் கடுகளவில் நகர்ந்தது. அவ்வளவு பெரிய கிரகம் ஏன் கடுகாகத் தெரிகிறது? அங்கே நின்று பார்த்தால் நாம் தெரிவோமா?

மதிய ஷிப்டுக்குப் போகும்போது, திருப்பி வைக்கத்தான் கண்ணாடியை எடுத்துப்போனேன். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தார்.

"இன்னாபா, கம்பெனி பொருள் உன் பையில கீது?"

"சுக்கிரனைப் பாக்கத்தாண்ணே எடுத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. விசாரணை முடிந்து கூப்பிடும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஒன்பது நாளாக ரூமில்தான் இருக்கிறேன். படிக்க நிறைய நேரம். சுக்கிரன் மறுபடி சூரியனைக் கடப்பது 2117 டிசம்பரில் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

உன் அப்பாவிடம் காட்டாதே.

உன் வீட்டுக்காரன்