பின்னால் நின்று கூப்பிடுங்கள்

என் பாக்கியத்துக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு டவுனுக்கு நான் தனியாகத்தான் போய் வருகிறேன். என் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாய். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் ஓர் அழுத்து அழுத்துவாய். அந்த முழங்கைக்கு இப்போது ஆள் இல்லை.

வடக்கில் சண்டை முற்றிவிட்டது. நம் புளத்கொகுபிட்டிய டவுன் சந்தியிலும் மணல் மூட்டை அடுக்கி ஆர்மி நிற்கிறது. போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் திடீரென்று நின்றுவிட்டார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். வெற்றிலை விற்கும் சிங்கள அம்மா கூடையைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். திரும்பினேன். துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதைப் பிடித்திருந்த ஆர்மிப் பையனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

"நில்லு நில்லுன்னு அவன் கத்துறான், நீங்க பாட்டுக்குப் போறீங்க. இந்தக் கெழட்டு சீயாவுக்குக் காது கேக்காதுன்னு நான் கத்தலேன்னா சுட்டிருப்பான்" என்று அந்த அம்மா பிறகு என் முகத்துக்கு நேரே நின்று சிங்களத்தில் திட்டினார்.

கேட்காத காதுக்காக ஒரு தமிழன் சாக வேண்டுமா? தோட்டத்து இறப்பர் ஸ்டோரில், ஷீட் அடிக்கும் ரோலர் மெஷினின் இரைச்சலில் என் வாலிபம் முழுக்க நின்றேன். காதில் அடைக்கப் பஞ்சுகூடத் தரவில்லை. கடைசியில் காது போனதை வயசுக் கோளாறு என்று சொல்லி அனுப்பினார்கள். "விடுங்களேன், யாருகிட்ட போயி நியாயம் கேக்கப் போறீங்க" என்பாய். இன்னும் விடவில்லை.

நம் மகள் சாந்தி பயந்துபோய் என்னைக் கேகாலைக்கு, அரசாங்கத்தின் சமூகசேவைக் கந்தோருக்குக் கூட்டிப்போனாள். அங்கே எழுதிக் கொடுத்தால் காது மெஷின் இனாமாகக் கிடைக்குமாம். அந்த இடத்தில்தான் ஸ்டோரில் வேலை பார்த்தவன் மட்டும் செய்யும் மடத்தனத்தைச் செய்தேன். ரோலர் இரைச்சலில் நாமெல்லாம் சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசிப் பழகியவர்கள்தானே? லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில், எல்லார் வீட்டுச் சண்டையும் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும், நம் சண்டை மட்டும் யாருக்கும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில், எதிரே இருந்த அதிகாரி அம்மா, அந்த நோனா, பெயர், ஊர், வயது என்று சிங்களத்தில் கேட்கக் கேட்க, அவர் உதட்டைப் பார்த்து நானும் சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

நோனா பேனாவை மூடிவிட்டார். "சீயாவுக்கு நல்லாத்தானே கேக்குது? நெசமாவே கேக்காத ஆளுங்க வெளிய காத்துக்கிட்டு இருக்காங்க."

சாந்தி என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். "அப்பா, மொகத்தப் பாக்காதீங்க. ஒண்ணும் வெளங்காத மாதிரி முழிங்க."

"நான் என்ன கூத்தாடியா?"

"மெதுவாப் பேசுங்கப்பா, கேகாலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது."

இல்லாத செவிட்டை நடித்துக் காட்டினால் அது பொய். இருக்கும் செவிட்டை ஏன் நடிக்க வேண்டும்? நோனாவைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்க எந்திரிச்சு எனக்குப் பின்னால நின்னு கூப்பிடுங்க. ஆர்மிக்காரன் முன்னால வந்து வாயைக் காட்டிக் கூப்பிடுறதில்ல."

நோனா எழுந்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் பின்னால் நிற்கிறாரா, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. நேரம் போனது. முழங்கையில் ஒரு கை பட்டது. அதே முழங்கை. நீதான் என்று திரும்பிவிட்டேன்.

நோனா நின்றுகொண்டிருந்தார். அவர் கூப்பிட்டதும், கை தட்டியதும், கடைசியில் மேசையில் ஓங்கி அடித்ததும் சாந்தி சொல்லித்தான் தெரியும். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

மெஷின் வந்துவிட்டது. சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். பேச்செல்லாம் தகரத்தில் ஆணி உரசுவதுபோல் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு உன் குரலை நினைத்துப் பார்த்தேன். உன் உதடுதான் ஞாபகம் வருகிறது. அது யார் குற்றம், பாக்கியம்?

இப்போது சாந்திக்கு வேறு பயம். "வயரைப் பாத்தா குண்டுன்னு நெனைப்பாங்கப்பா. உள்ள மறைச்சுப் போடுங்க." மறைத்ததை அவர்கள் கண்டுபிடித்தால்தான் ஆபத்து என்கிறேன். யார் சொல்வது சரி? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

நாளைக் காலை பேட்டரி வாங்க டவுனுக்குப் போக வேண்டும். பெட்டியைச் சட்டைக்கு மேலேதான் மாட்டப்போகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அந்தப் பையனிடம் போவேன். கையை விரித்துக்கொண்டு முன்னால் நின்று, வயரைக் காட்டி, இனிமேல் கூப்பிட்டால் கேட்கும் என்று அவன் பாஷையிலேயே சொல்வேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம்.

நடப்பேன். ஓடமாட்டேன், குனியவும் மாட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் நின்று திரும்புவேன். முழங்கையில் கை படும்வரை காத்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் உன் பேச்சைக் கேட்காத
உன் வீட்டுக்காரன்,
வேலாயுதம்