பக்கத்து நாட்டின் பயம்

இன்று காலை சர்க்கரை தீர்ந்துபோய், ஷிரின் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். ஈச்சமரத்து வெல்லம். விறகுப் புகையின் வாசம் சமையலறை முழுக்க நின்றது. முன்பெல்லாம் இது உன் கைப்பையிலிருந்துதான் வரும். கூட்டம் முடிந்து திரும்பிய மறுநாள், ஆசிரியர் அறையில் செய்தித்தாளை விரித்து உடைத்து வைப்பாய். "வங்கதேசத்து வெல்லம். ஷிரின் குடுத்தா. சாப்ட்டுப் பாருடி." சாப்பிடுவேன். நன்றாக இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

நாம் ஒரே வருடம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ புவியியல், நான் அரசியல் அறிவியல். நாடுகளுக்கிடையிலான பாதுகாப்பு என்பது நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு. நீ மழையையும் ஏரியையும் படித்தவள். ஆனால் பருவநிலை மாறி, கடல் ஏறி, ஆறு பொங்கி, அதனால் பக்கத்துப் பக்கத்து நாடுகள் பகையாளிகள் ஆகாமலிருக்க என்ன செய்யலாம் என்று பேசும் தெற்காசியக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, உனக்குத்தான் வந்தது. காத்மாண்டு, கொழும்பு, டாக்கா என்று நீ போனாய். அங்கேதான் வங்கதேசத்து ஷிரின் உனக்குத் தோழியானாள். நான் இங்கே விடைத்தாள் திருத்தினேன்.

"பேச்சு ஜாஸ்தி, வேலை கம்மி," என்பேன். "ரெண்டு மாநிலத்துக்குள்ளயே ஒரு ஆத்துத் தண்ணிக்கு மல்லுக்கு நிக்கறோம். நீங்க நாடு விட்டு நாடு கூடிப் பேசிக் கிழிக்கப் போறீங்களாக்கும்."

நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். "அரசாங்கம் மூஞ்சத் திருப்பிக்கிட்டாலும் எங்க போன் அடிக்கும்டி. மலையில மழைன்னா காத்மாண்டுக்காரி கூப்பிட்டுச் சொல்லிடுவா. ஷிரின் பக்கம் கீழ இருக்கறவங்க மூட்டை கட்ட நேரம் கெடைக்கும். அது கம்மியா?"

உங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தன் நாட்டின் பயத்தை முதலில் சொல்லக்கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் நாடு எதற்குப் பயப்படுகிறது என்று சொல்ல வேண்டும். அவர் 'ஆமாம், அதுதான்' என்று தலையாட்டும்வரை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் உன் பயத்துக்கு முறை வரும். இதை நீ விவரித்தபோது சிரித்துவிட்டேன்.

"நல்ல விளையாட்டு. டீ குடுப்பாங்களா?"

"பிஸ்கட்டும் உண்டு. இரு, உன் பயத்தை நான் சொல்றேன். நான் உன்னைவிடப் பெரிய ஆளாயிடுவேன்னு பயம். சரியா?"

"இல்ல."

"இல்லியா? அப்ப இன்னா?"

மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போய்விட்டேன். அங்கே உனக்கு என்னைவிடப் பிடித்தவர்கள் கிடைத்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம். அதை ஆசிரியர் அறையில் யார் சொல்வார்கள்?

நீ இறந்துபோன பிறகு வந்த மார்கழியில் ஷிரின் ஏதோ கருத்தரங்குக்காகச் சென்னை வந்தாள். அங்கிருந்து பஸ் ஏறி அடி அண்ணாமலைக்கு, உன் வீட்டைப் பார்க்க வந்துவிட்டாள். உன் தம்பி எனக்குப் போன் செய்தான். "அக்கா, எனக்கு இங்கிலீஷ் ஓடாது. நீங்க வந்து கூட இருங்களேன்."

நெடுநெடுவென்று இருந்தாள். "நீங்கள் அவளோடு வேலை பார்த்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெயரைச் சொன்னேன். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. என் பெயரை நீ அங்கே சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இடி இடித்தால் நீ கட்டிலின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொள்வாயாம். சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள். எனக்கு அது புதுச் செய்தி. அத்தனை வருடம் பக்கத்து மேஜை. நாம் சேர்ந்து ஓர் இடிகூடக் கேட்கவில்லையா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அழுவதற்கு இவள் யார் என்று இருந்தது.

அன்று பௌர்ணமி. சாயங்காலம் வாசலில் நின்றபோது கிரிவலக் கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு போனது.

"இத்தனை பேர் வந்து இறங்கினால் ஊருக்குப் பயமாக இருக்காதா?" என்றாள்.

"இருக்காது. சுற்றி முடித்ததும் பஸ் ஏறிவிடுவார்கள்."

"எங்கள் கரையோரத்து மக்கள் கிளம்பி வந்தால், திரும்பிப் போக ஊர் இருக்காது," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவள் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வரலாமே?" என்றாள்.

எத்தனையோ வருடமாக நான் ஆசைப்பட்ட நாற்காலி. நீ இல்லாததால் கிடைப்பதாக அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் எடுத்துக் கொடுப்பதாக அறவே வேண்டியிருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏற்றிவிட்டேன். பிறகு சம்மதித்ததற்கு நல்லெண்ணம் காரணமில்லை. நான் போகாவிட்டால் வேறு யாராவது அங்கே உட்கார்ந்து உன் கதைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கொழும்பில் எனக்கு எதிரே ஷிரினையே உட்காரவைத்தார்கள். பயத்தைச் சொல்லும் முறை என்னுடையது. "கடல் ஏறுவதைவிட உங்களுக்குப் பெரிய பயம் எல்லையில் நாங்கள் போட்ட வேலி," என்றேன். "நிலம் போன உங்கள் ஆட்கள் நடந்து வரும்போது, வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் என்று நாங்கள் பார்க்க மாட்டோம். ஊடுருவ வந்தவர்கள் என்றுதான் பார்ப்போம். வேலியில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருப்போம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள்.

இடைவேளையில், "முதல் தடவையிலேயே எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டாள். உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். பொறாமைப்படுகிறவளைப் போல அடுத்தவளைக் கூர்ந்து பார்க்கிறவர்கள் யாரும் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாம்.

கூட்டத்தால் உலகம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். அரசாங்கங்கள் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் கூட்டத்தின் போன் வரிசையில் என் எண்ணும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றால் முன்பெல்லாம் நம் மாவட்டத்துக்கு விடுமுறை உண்டா என்று மட்டும் பார்ப்பேன். இப்போது புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறேன். நம் கரையை விட்டு வடக்கே திரும்பினால் ஆசிரியர் அறையில் எல்லோரும், "அப்பாடா, போயிடுச்சு" என்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. அது போகிற பக்கத்தில் ஷிரின் இருக்கிறாள். வராந்தாவுக்குப் போய், அவள் எடுக்கும்வரை போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இது உன் கவலை என்று எனக்குத் தெரியும். இப்போது என்னிடம் இருக்கிறது. நீயே வந்து கேட்டாலும் திருப்பித் தருவதாக இல்லை.