கதிரையில் இருந்தது நீங்கள் அல்ல

அக்கா,

ஹீட்டருக்கு முன்னால் காயப்போட்ட கம்பளிக் கையுறையிலிருந்து காலையில் ஈர வாசம் கிளம்பியது. அந்த மலை நினைவுக்கு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் அத்தான் எழுந்து பேசினார். "பனி பார்க்கப் போன இடத்திலகூட அவ விளையாடேல்லை. சாப்பாட்டுப் பெட்டியோட கதிரையில இருந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவ" என்றார். வந்திருந்தவர்கள் உருகிப்போய்த் தலையாட்டினார்கள். புகழ்வதாக நினைத்துக்கொண்டு அந்த நாளையே உங்களிடமிருந்து பறித்துவிட்டார்.

நடந்தது எனக்குத் தெரியாதா? இரண்டாயிரத்துப் பதினொன்று, யூன் மாதம், இங்கே குளிர்காலம். நாங்கள் குடியிருந்த டண்டினொங்கிலிருந்து அத்தான், நீங்கள், உங்கள் மகள் துவாரகா, நான் என்று ஒரே காரில் போனோம். பருவம் தொடங்கியிருந்தது, பனிதான் பெய்திருக்கவில்லை. மலை முழுக்கப் பழுப்புப் புல். நடுவில் மட்டும், இயந்திரங்கள் விசிறியடித்த பனி ஒரு ஒடுங்கிய சரிவாகக் கிடந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அத்தான் முணுமுணுத்தார். நீங்களோ வாடகைச் சப்பாத்தின் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள்.

சறுக்கப் பழக்க வந்த இளைஞன் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கபேயில் இருந்தால் குளிராது என்று துவாரகாவிடம் ஆங்கிலத்தில் சொன்னான். தொழிற்சாலையில் அவனைப் போன்றவர்களை ஆங்கிலத்திலேயே மேய்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். அவன் அந்நியன், போகட்டும். அத்தானும் அல்லவா சேர்ந்துகொண்டார்!

"உமக்கேன் இந்த வேலை? இதில இருந்து சாமான்களைப் பாரும்."

"சாமான் தன்ரபாட்டில இருக்கும். நான் சறுக்க வந்தனான்."

சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றீர்கள்.

அந்தப் பனி மெதுமையானதே அல்ல, உடைத்த ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. விழுந்தீர்கள், எழுந்தீர்கள், மறுபடி விழுந்தீர்கள். முழங்கை உரசிச் சிவந்தது. துவாரகா வெட்கப்பட்டு, "மம், பிளீஸ், போதும்" என்றாள். முதல் விழுகையிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு கபேக்குப் போனவர் அத்தான்தான். சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக் கதிரையில் இருந்தவரும் அவர்தான். நீங்கள் கால்களை அகட்டி, கைகளை விரித்து, மேலிருந்து கீழ்வரைக்கும் விழாமல் வந்தீர்கள். நிற்கத் தெரியாமல், சரிவின் அடியில் கட்டியிருந்த செம்மஞ்சள் வலையில் போய் மோதி, அதில் தொங்கிக்கொண்டே சிரித்தீர்கள். அப்படி நீங்கள் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

நேற்று நான் எழும்பி இதையெல்லாம் சபையில் சொன்னேன். அத்தானின் முகம் கறுத்தது. "செத்தவீட்டில ஏன் இந்தக் கதை?" என்றார். வேறெங்கே சொல்வது? நீங்கள் யார் என்று சொல்லத்தானே எல்லோரும் கூடியிருந்தோம்? அடுப்படியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் விட்டால் உங்களைப் பற்றிப் பேச அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா? கடைசியில் துவாரகா கோப்பையைக் கீழே வைத்தாள். "சித்தி சொல்றது சரி. அம்மா சறுக்கினவ. நான் பாத்தனான்" என்றாள். அத்தான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அன்று மலையில், வலையிலிருந்து உங்களை விடுவித்ததும் நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். நீங்கள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, "நிக்கிறதைப் பிறகு பழகலாம். வா, இன்னொருக்கா மேல போவம்" என்று இழுத்தீர்கள். பயந்துகொண்டேதான் வந்தேன். அந்தப் பிடி இன்னும் விடவில்லை, அக்கா.