அலையும் கர்ப்பப்பை

என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. சென்ற வாரம் பெர்ன்ஹில்லில் ஒரு கூடத்தில் என் ஓவியங்களை மாட்டினேன். பெண்ணுடம்பைப் பற்றி உலகம் நம்பிவந்த பொய்கள்தான் எல்லாமே. ஒரு படத்தில் நீ இருக்கிறாய். முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை, வயிற்றுக்குள் ஓடித் திரியும் ஒரு சின்ன மிருகம். கர்ப்பப்பை அப்படி அலைவதால்தான் பெண்களுக்கு நோவு வருகிறது என்று ஒரு காலத்தில் படித்த வைத்தியர்களே எழுதிவைத்தார்களாம்.

நம் எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் அதைப் படித்ததில்லை. ஆனாலும் உனக்குச் சொன்னதெல்லாம் அந்தப் பொய்க்கு உறவுதானே? மாதாமாதம் நீ சுருண்டு கிடந்தபோது, "கல்யாணமானா செரியாப் போயிரும்" என்றார் அம்மா. கல்யாணமானதும், "ஒரு புள்ள பொறந்தா செரியாப் போயிரும்" என்றார் உன் மாமியார். ஒரு நாள் நீ எழ முடியாமல் படுத்திருக்க, "லீவு போட நடிக்கறா" என்று சொன்னது நான். உன் காதில் விழுந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூர் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டபோது, கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று கல்லீரல்வரை போயிருந்தது. நான்கு மாதம்கூட நீ இருக்கவில்லை.

கூடத்தைப் பெருக்க வரும் ராணியக்கா ஒரு நாள் மகளையும் கூட்டிவந்தார். பதினேழு வயதிருக்கும். வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தே நின்றாள். ராணியக்கா உன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, எம் புள்ளைக்கும் இதேதானுங்க. உள்ள என்னமோ ஓடுதுங்கறா. அப்படியே வரஞ்சிருக்கீங்க."

பொய் என்று காட்ட வரைந்ததை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். "அது பொய்ங்கக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "மாப்பிள்ளை ஊட்டுல பேசி முடிச்சாச்சுங்க. இப்பப் போயி வயித்துல நோவுன்னு தெரிஞ்சா என்னாகறதுங்க?"

மகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனவர், மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

மற்றவர்கள் உன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். வண்ணம் அருமை என்றார்கள். எதற்கு வரைந்தேன், அக்கா?

படங்களை நேற்றே இறக்கிவிட்டேன். அவற்றால் ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ராணியக்கா வீட்டுக்குப் போவேன். நீ எப்படிச் செத்தாய் என்பதை அந்தப் பெண்ணின் எதிரிலேயே சொல்வேன். கதவைச் சாத்தினால் அடுத்த ஞாயிறும் போய் நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா