கடற்சாமந்திப் பந்தயம்

நவம்பர் 3, வியாழன்

வெப்பம் 26.1. உப்பு அடர்த்தி 1.025. காலை 10.20-க்குக் கடற்சாமந்தியைத் தொட்டியில் இறக்கினேன். பூப்போல் விரியும் கடல் உயிரி: பச்சை உடல், விரல் நுனிகள் இளஞ்சிவப்பு. பாறையின் இடப்பக்கப் பள்ளத்தில் காலூன்றிவிட்டது. கடலில் கோமாளி மீன்களின் வீடு இதுதான்; மூன்று ஆண்டுகள் யோசித்து வாங்கியது. கோமாளி மீன்கள் இரண்டும் வந்து பார்த்தன. பிறகு, கண்ணாடியில் பாசி தேய்க்கும் காந்தத்துக்கே திரும்பிப் போய்விட்டன.

பண்ணையில் பிறந்த மீன்கள். பிறந்தது முதல் மென்மையாகக் கண்டது இந்தக் காந்தத்தில் ஒட்டிய துணி ஒன்றைத்தான். அதையே வீடென்று முடிவுகட்டி மூன்று ஆண்டுகளாக அதன்மேல் உரசிக்கொண்டு கிடக்கின்றன. தேய்க்கலாம் என்று கை விட்டால் பெரியது கடிக்கிறது.

நவம்பர் 9

ஆறு நாள். ஒன்றுமில்லை. அவசரப்பட்டுவிட்டேனோ?

நவம்பர் 14, திங்கள்

பக்கத்து வீட்டுத் திருமதி டாரன்ட் ஒரு வாளி மாம்பழத்தோடு வந்தார். எதிர்த்த ஜன்னல் அவர் சமையலறை. அங்கிருந்து என் தொட்டி நேராகத் தெரியும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்க்கிறாராம்.

"இதுங்களுக்கு என்ன பேரு, புரொபசர்?"

நான் புரொபசர் அல்ல. துறைமுகத்தில் அலை ஏற்ற இறக்க அட்டவணை கணக்கிட்டு ஓய்வு பெற்றவன். பலமுறை சொல்லியாயிற்று. "பெரியது, சிறியதுன்னு குறிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

"உனக்குப் பிள்ளைங்க இல்லாதது நல்லதாப் போச்சு."

பெரியதுதான் பெண், அது சொன்னபடிதான் சிறியது கேட்கும் என்றும் சொன்னேன். "புத்தியுள்ள குடும்பம்" என்று சொல்லி அங்கேயே பேர் வைத்துவிட்டார். பெரியது சீமாட்டி. சிறியது கெவின்.

பதிவேட்டில் மாற்றப்போவதில்லை.

நவம்பர் 22

மீன் வளர்ப்போர் இணையதளத்தில் ஒரு வழி சொல்கிறார்கள். கோமாளி மீன் கடற்சாமந்திக்குள் இருக்கும் படத்தைத் தொட்டிக் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒட்டிவைக்க வேண்டுமாம், பார்த்துக் கற்றுக்கொள்ளுமாம். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. மீனின் கண் மட்டம் அடிவிளிம்பிலிருந்து 31 செ.மீ. படத்தின் மையத்தை அங்கே வைத்து ஒட்டினேன்.

பதினைந்தே நிமிடத்தில் திருமதி டாரன்ட் வேலியருகே. "படம் காட்டுறியா அதுங்களுக்கு? அப்படியே கொஞ்சம் பாப்கார்னும் போடு!"

டிசம்பர் 6

கடற்சாமந்தி நான்கு விரற்கடை நகர்ந்திருக்கிறது. பம்ப் பக்கம் போனால் இழுத்து நறுக்கிவிடும். தொட்டி முழுதும் நஞ்சாகும். பம்பின் வாய்க்குப் பஞ்சு கட்டினேன். இரண்டு முடிச்சு. பிறகு மூன்றாவதும்.

ஜனவரி 17, செவ்வாய்

பயங்கரமான நாள். மதியம் 2.10-க்குப் புயல்மழை, மின்சாரம் போயிற்று. மூன்றரைக்கு வெப்பம் 29.4. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நான் என்ன செய்தேன்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். குறித்து என்ன ஆகப்போகிறது, முட்டாளே.

திருமதி டாரன்ட் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். கையில், தூண்டிலுக்கான சின்ன மீன்களை வாளியில் உயிரோடு வைக்க உதவும் பேட்டரிக் காற்றுக்குழாய். "தள்ளு!" ஒரே நிமிடத்தில் தொட்டியில் குமிழி பொங்கியது. மின்சாரம் 7.15-க்கு வந்தது. அதுவரை மணிக்கு ஒருமுறை பேட்டரி மாற்றியதும் அவர்தான். வீடெல்லாம் கருவாட்டு வாடை. எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"நன்றியெல்லாம் வேண்டாம், பந்தயம் கட்டு. ஏப்ரல் பதினஞ்சு, பௌலிங் கிளப்புல ஆண்டு நடனம். அதுக்குள்ள உன் மீன் அந்தப் பூவுக்குள்ள போச்சுன்னா, நீ என்கூட ஆட வரணும்."

"போகலைன்னா, மிஸஸ் டாரன்ட்?"

"போகலைன்னா உன் மீன்களை இனிமே கிண்டலே பண்ண மாட்டேன். அப்புறம், அந்த மிஸஸை எப்பதான் விடப்போற? ஆறு வருஷமாச்சு." காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "என் வீட்டுக்காரர் ரான் போனதிலிருந்து நாலு வருஷமா அந்த நடனத்துல மேசையில உக்காந்து, இறைச்சியைப் பரிசாத் தர்ற குலுக்கலுக்கு டிக்கெட் கிழிக்கிறேன், லயனல். கிழிச்சது போதும்."

சரி என்றேன். எப்படிச் சொன்னேன்? மீன் போகாது என்ற கணக்கில்தான்.

ஜனவரி 18

ஓர் ஆண்டின் அலைகளை முன்கூட்டியே நிமிடக் கணக்கில் சொன்னவன் நான். நடனத்தில் அடுத்த அடி எங்கே விழும் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. கடைசியாக ஆடியது 1974. கூட ஆடிய பெண் பாதியில் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வரவில்லை.

பிப்ரவரி 11

வெப்பம் 26.4. சீமாட்டி, கெவின் — காந்தத்தில். (பேர் தானாக வந்துவிட்டது. அடித்து அழிக்கவில்லை.)

மார்ச் 4

காந்தத்தில். நிம்மதி. நிம்மதிதானா? நான்கு மாதம் ஆகிவிட்டது, இந்தக் காட்சிக்காகவே தொட்டி வைத்தவன் நான். கூடவே இன்னொன்று: அவர் கிண்டலை நிறுத்திவிட்டால் நாள் முழுக்க இந்த வீட்டில் பம்ப் சத்தம் மட்டும்தான்.

மார்ச் 25, சனி

காந்தத்தின் துணி நைந்துவிட்டது. புதிது ஒட்ட வெளியே எடுத்தேன். கடி இரண்டு.

மார்ச் 26

காந்தத்தைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். சமையலறை ஜன்னலோரம் கிடக்கிறது. பசை எப்போதோ காய்ந்துவிட்டது. மீன்கள் வெறும் கண்ணாடியில் போய்ப் போய் முட்டுகின்றன. நாளை போட்டுவிட வேண்டும்.

மார்ச் 27

மறந்துவிட்டேன். நான் எதையும் மறப்பவன் இல்லையே.

மார்ச் 28, செவ்வாய்

காலை 8.05. கெவின்! சீமாட்டிக்கு முன்னால் ஒரு வாய் தீனிகூடத் தின்னாதவன். முதலில் வாலால் தொட்டான், துள்ளி விலகினான். மறுபடி வயிற்றால். பிறகு திரும்பி, முகத்தை உள்ளே விட்டு, தலையணையில் விழும் குழந்தைபோல அப்படியே விழுந்தான். விரல்கள் அவனை மூடிக்கொண்டன. 8.40-க்குச் சீமாட்டியும் போனாள் — அவனைத் தள்ளிவிட்டு, நடு இடத்தைப் பிடித்து.

என் மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது. தொட்டித் தண்ணீராக இருக்கலாம்.

8.50: நடனத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்.

8.51: ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

மார்ச் 31

"உடம்பு சரியில்லையா, லயனல்? திரை போட்டிருக்கியே?" — வேலியருகே.

"கண்ணு கூசுது, மிஸஸ் டாரன்ட்."

"மழை பெய்யுதே."

"ஆமா."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மிகவும் கேவலமாக இருந்தது.

ஏப்ரல் 2

நூலகப் புத்தகத்தைப் பார்த்து வால்ட்ஸ் நடனத்தின் அடிகளைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். இது விஷயத்தை அறிந்துகொள்ள மட்டும்; ஆடுவதாக முடிவு எதுவும் இல்லை. சீமாட்டி கடற்சாமந்திக்குள்ளிருந்து தலையை நீட்டி முழுவதையும் பார்த்தாள். திரும்பும்போது குடை நிறுத்தியை உதைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, புதன்

திருமதி டாரன்ட் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு பச்சை உடை. நாளெல்லாம் மற்ற துணி எதுவும் அதன் பக்கத்தில் இல்லை. பெட்டியில் வெகுநாள் கிடந்த மடிப்புகள் இங்கிருந்தே தெரிந்தன. காற்றில் காயப் போட்டிருக்கிறார். எந்த மீனை நம்பி? திரைக்குப் பின்னால் இருக்கும் மீனையா?

நான் பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத ஒன்றைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். — இதை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் பொய்யாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, சனி

காலை 6.30. நாயோடு அவர் நடக்கப் போன நேரம் பார்த்து வேலியைத் தாண்டினேன் (வாசல் வழியாகவே போயிருக்கலாம்). கெவினும் சீமாட்டியும் கடற்சாமந்திக்குள் இருக்கும் படத்தை அவர் சமையலறை ஜன்னலில் வெளியிலிருந்து ஒட்டினேன். அவருடைய கண் மட்டம் தரையிலிருந்து உத்தேசமாக 152 செ.மீ. மையம் அங்கே. ஓடி வந்துவிட்டேன். கால்சட்டை வேலியில் கிழிந்தது.

7.15: நாய் குரைக்கும் சத்தம். வேறு சத்தம் இல்லை.

12.00: ஒன்றுமில்லை. கோபமா?

5.40: குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக் கதவைத் திறந்தால், கொசுவலைக் கதவில் ஒரு படம். பழைய பத்திரிகையிலிருந்து வெட்டியது. கோட்டுப் போட்ட ஒரு மனிதரும் ஒரு பெண்மணியும் ஆடுகிறார்கள். அளந்து பார்த்தேன்: மிகச் சரியாக என் கண் மட்டம்.

ஏப்ரல் 10

கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 15, சனி

மாலை 5.30. சுண்ணக்கட்டிக் கோடுகள் அழிந்துவிட்டன. கெவினைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

வெப்பம் 26.0. உப்பு அடர்த்தி 1.025. வலக்கால் பெருவிரல் வீக்கம். காரணம், பச்சை உடைக்குப் பொருத்தமான குதிகால் செருப்பு.

நேற்று ஆறு ஆட்டம் ஆடினோம். முதல் இரண்டிலும் நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேனாம். "எண்ணாத, லயனல். நான் எங்கயும் தண்ணி குடிக்கப் போகமாட்டேன்." அந்தக் கதையை எப்போது சொல்லித்தொலைத்தேன்?

மூன்றாவதில், திரை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"மூணு வருஷமா இழுக்காத திரையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில இழுக்கிற. அப்பவே டிரஸ்ஸத் தேட ஆரம்பிச்சுட்டேன். மீனுக்கு அஞ்சு மாசம் ஆச்சு, உனக்குப் பதினொரு நாள். நீ பரவாயில்ல."

குலுக்கலில் இறைச்சித் தட்டு என் சீட்டுக்கு விழுந்தது. பன்னிரண்டு சாசேஜ், எட்டு ஆட்டு விலாத் துண்டு. தனி ஆளுக்கு இது மூன்று வாரம் வரும். இன்று மதியம் வேலிக்கு அந்தப் பக்கம் சுடுகிறோம்.

காந்தம் இன்னும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. திரையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போது எதிர் ஜன்னலில் கிளெனிஸ் (மிஸஸை விட்டாயிற்று) வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கத்தியை ஆட்டிக் கூப்பிடுகிறாள். போக வேண்டும்.