எல்லம்மா பேரில் ஒரு டிக்கெட்

18-1-1989, அஸ்தினாபுரம்

எல்.டி.சி. சாங்ஷன் ஆகிவிட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு தரம் கவர்மெண்டு தன் சிப்பந்திகளை ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறதே, அது. அந்தமானுக்குக் கப்பல். போக மூன்று நாள், அங்கே கைடு வைத்து ஐந்து நாள், வர மூன்று நாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இவர் என்னை அழைத்துப்போன தூர தேசம் மகாபலிபுரம். அதுவும் மழை பிடித்துக்கொண்டு பாதியில் திரும்பினோம்.

சந்தோஷமாகத்தான் ஆர்டரை வாங்கிப் படித்தேன். படித்ததும் வயிறு எரிந்தது. ‘கங்காதரன், மனைவி எல்லம்மா.’

எல்லம்மா இவருடைய மூத்த சம்சாரம். மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆபீஸ் ரிஜிஸ்டரில் அவள் இன்னும் இருக்கிறாள். நான்தான் இல்லை.

“நாலு வருஷமா பேர் மாத்துங்க, மாத்துங்கன்னு கத்தறேன்” என்றேன்.

“இப்ப கை வெச்சா சாங்ஷன் தள்ளிப் போயிடும் காந்தி. வந்து மாத்திக்கலாம். அங்க யாராவது எல்லம்மான்னு கூப்பிட்டா, இருக்கேன்னு சொல்லிடு. அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவருக்குத் தெரிந்தால்தானே.

24-1-89

இவர் ஆபீஸ் ராஜகோபாலன்தான் எல்லா ஏற்பாடும். பல்லாவரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை மொத்தம் பதினாலு பேர். லிஸ்ட்டை டைப் அடித்துக் கொண்டுவந்து காட்டினார். ஒன்பதாவது பேர் எல்லம்மா. “அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சிஸ்டர்” என்று பல்லைக் காட்டினார். காப்பியில் சர்க்கரையைக் குறைத்துக் கொடுத்தேன்.

27-1-89

நாளை மறுநாள் கப்பல். இன்று பூவாடைக்காரிக்குப் படைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளைக் கூப்பிடாமல் எந்த நல்ல காரியமும் கிடையாது. அதிலும் இரண்டாம் தாரமாக வந்தவள் மூத்தவளைக் கேட்காமல் கடல் தாண்டக் கூடாது. கிணற்றில் ஒரு குடம் சேந்தி, கழுத்தில் கதம்பம் சுற்றி, மஞ்சள் வைத்த புதுப் புடவையைச் சார்த்தி, பேர் சொல்லி மூன்று தரம் அழைக்க வேண்டும். அவள் தண்ணீரில் வருவாள். மறுநாள் காலை அதே கிணற்றில் தண்ணீரைத் திருப்பி ஊற்றி அனுப்பிவிட்டு, புடவையை நான் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கே சேந்தினோமோ அங்கேதான் ஊற்ற வேண்டும். கூப்பிடுவது யாரும் கூப்பிடலாம். அனுப்புவதில்தான் இருக்கிறது எல்லாம்.

மூன்று தரம் கூப்பிட்டேன். மனசார என்று சொல்ல முடியாது.

29-1-89, கப்பலில்

நேற்று எழுத நேரமில்லை. நேற்றுக் காலை ராஜகோபாலன் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். கப்பல் ஒரு நாள் முன்னாலேயே கிளம்புகிறது, மத்தியானத்துக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்றார். அரை மணி நேரம். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்றே தெரியவில்லை. குரோம்பேட்டை ஸ்டேஷன் படியேறும்போதுதான் தலையில் இடி விழுந்தது. குடத்தை ஊற்றவில்லை. திரும்பிப் போக நேரமில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம், குடம் எங்கே ஓடிவிடப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இன்று காலை தண்ணீர் குடிக்கும்போது டம்ளரில் ஒரு மரிக்கொழுந்துத் துணுக்கு மிதந்தது.

வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் எடுத்து வந்திருந்தோம். “இதுல எந்தத் தண்ணி புடிச்சீங்க?” என்றேன்.

“சாமி மூலையில குடம் நெறைய இருந்திச்சே, அதைத்தான். கிணத்துத் தண்ணிதானே காந்தி.”

கேனை ஆட்டிப் பார்த்தேன். பாதி காலி. நானே நாலு டம்ளர் குடித்திருக்கிறேன். மீதியைத் தொடாதீர்கள் என்று சொல்லி, மூடியின் மேல் துணி கட்டிப் படுக்கைக்குக் கீழே தள்ளினேன். வாந்தி வருவது கப்பல் ஆட்டத்தாலா என்று தெரியவில்லை.

31-1-89, போர்ட் பிளேர்

இறங்கினோம். எங்கள் கைடு துளசிங்கம். பூர்விகம் பெரம்பூராம், அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். மெட்ராஸ் பேச்சு மட்டும் போகவில்லை. “ஒரு ரூல் கீது. எங்க போனாலும் ஏறும்போது பேர் படிப்பேன், இருக்கேன்னு சொல்லணும். சொல்லாதவங்களை வுட்டுட்டுப் போவ மாட்டேன், தேடுவேன். அத்தினி பேருக்கும் டைம் வேஸ்ட்டு” என்றார்.

ஒவ்வொரு பேராக வந்தது. “எல்லம்மா” என்றார். கனைத்துக்கொண்டேன்.

அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து “இருக்கேன்” என்று வந்தது.

துளசிங்கம் நிமிராமல் டிக் அடித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். எங்களோடு வந்திருந்த தாம்பரம் நர்ஸ் ஞானஜோதிதான் என் சங்கடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவளைக் கேட்டேன்.

“நான் ஏன்கா சொல்லப் போறேன்? எனக்கும் பின்னாடிதான் கேட்டுச்சு.”

எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் அப்போது இருந்தது கப்பல் அணையும் ஜெட்டியின் விளிம்பு. அதற்கப்புறம் தண்ணீர்.

1-2-89

ஜெயில் பார்த்தோம். சின்னச் சின்ன அறை, ஆள் எட்டாத உயரத்தில் ஜன்னல். எதுவும் மனசில் ஏறவில்லை. மூன்று தரம் பேர் படித்தார், மூன்று தரமும் எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். கொஞ்சம் கரகரத்த குரல். அடுப்படி வேலையை விட்டுவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து பதில் சொல்கிற மாதிரி.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது துளசிங்கம் விரல் நீட்டி எண்ணினார். “லிஸ்ட்டுல பதினாலு. தலை பதினஞ்சு வருது. வெயில்ல என் கண்ணு பேஜார் பண்ணுது சார்” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2-2-89

இன்று காலை விடக்கூடாதென்று முந்திக்கொண்டு “இருக்கேன்” என்றேன். துளசிங்கம் நிமிர்ந்து, “யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கம்மா” என்றார்.

3-2-89

ராஸ் தீவு. வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களை ஆலமரத்து வேர் சுவரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. மான்கள் ஆளைக் கண்டால் நகர்வதில்லை. இறங்கியதும் ஒரு ரிஜிஸ்டரில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். இவர் போட்டுவிட்டு நகர்ந்தார். நான் பேனாவை எடுத்தேன்.

இவர் கையெழுத்துக்குக் கீழ் வரிசையில் ஒரு கட்டைவிரல் ரேகை. மை இல்லை, வெறும் தண்ணீர். நான் பார்க்கப் பார்க்கவே வெயிலில் காய்ந்து போயிற்று. எல்லம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று இவர் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

திரும்பினால் இவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பயந்த முகம் இல்லை அது.

எல்லாரும் சர்ச் பார்க்கப் போனார்கள். நான் இவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “உங்களுக்கும் கேக்குது, இல்ல?”

“மொத நாள்லேர்ந்து.”

“அந்தக் குடத்துத் தண்ணிய...”

“தெரிஞ்சுதான் ஊத்தினேன்.”

தென்னை மரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். இரண்டு தரம் அவளை அந்தமானுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லி, இரண்டு தரமும் லீவு கேன்சல் ஆனதாம். ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கும்போதுகூட ‘கப்பல் எப்ப?’ என்றாளாம். “அவ கொரலைக் கேட்டு ஆறு வருஷமாச்சு காந்தி. இருக்கேன் இருக்கேன்னு சொல்றா பாரு. எனக்கு அது போதும்.”

“அப்போ நான் யாரு?”

பேர் மாற்றாமல் இருந்தது சோம்பேறித்தனம் என்று நாலு வருஷம் நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும். அவருக்கு அது சோம்பேறித்தனம் இல்லை. பயம்கூட இல்லை. அவளை எங்கேயாவது ஓர் இடத்தில் உயிரோடு வைத்திருந்தார். அது என் இடம்.

4-2-89

கார்பின்ஸ் கோவ் கடற்கரை. எல்லாரும் குளித்தார்கள். நான் பாறைக்கு அந்தப் பக்கம் போய், கேனைத் திறந்து கடலில் கவிழ்த்தேன். அவசரத்தில் பெட்டிக்குள் வந்துவிட்டிருந்த படையல் புடவையையும் விட்டேன். இரண்டு தரம் அலை அதைக் காலடிக்கே கொண்டுவந்து போட்டது. மூன்றாம் தரம் போய்விட்டது.

“பார்த்தாச்சு இல்ல? போ” என்றேன். அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

5-2-89, கப்பலில்

ஜெட்டியில் கடைசியாகப் பேர் படித்தார். “எல்லம்மா.” சத்தம் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். இவர் கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்த்தார், கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர் மாதிரி.

“காந்திமதி. இருக்கேன்” என்றேன். “லிஸ்ட்டுல தப்பா அடிச்சிருக்காங்க. மாத்திக்குங்க சார்.”

துளசிங்கம் அந்தப் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதினார். தலையை எண்ணினார். பதினாலு. எனக்கு அப்படியொரு நிம்மதி. கப்பல் நகர்ந்தபோது இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெட்டியையே பார்த்தார். கையைக்கூடத் தூக்கினார். நான் திரும்பவில்லை.

23-2-89, அஸ்தினாபுரம்

நான் கேட்கவே இல்லை, இவராகவே ஆபீஸில் ஃபாரம் கொடுத்து, சீல் வைத்த நகலைக் கொண்டுவந்து தந்தார். மனைவி: காந்திமதி. நாலு தரம் படித்தேன். சேமியா பாயசம் வைத்தேன். இவர் இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

6-3-89

ஆபீஸிலிருந்து வந்ததும் இவர் நேரே பின்பக்கம் போகிறார், கை கால் கழுவத்தான் என்று இத்தனை நாள் நினைத்தேன். இன்று காப்பியோடு போனேன். கிணற்றுச் சுவரில் கை ஊன்றிக் குனிந்து, “எல்லம்மா” என்கிறார். காத்திருக்கிறார். மறுபடியும் “எல்லம்மா.” உள்ளேயிருந்து அவர் குரல்தான் திரும்பி வருகிறது.

என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். “வழி தெரியாது காந்தி அவளுக்கு. தாம்பரம் தாண்டினதில்ல” என்றார்.

காப்பியைச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எங்கே சேந்தினோமோ அங்கே ஊற்ற வேண்டும். தெரியாதவளா நான்? தெரிந்துதான் ஊற்றினேன். இவர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

20-3-89

துளசிங்கத்திடமிருந்து தபால். குரூப் போட்டோ வந்திருக்கிறது. அதில் நான் யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறேன். கூட ஒரு கடிதம், என் பேருக்கு. அதிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

“அம்மாவுக்கு வணக்கம். இதை எழுதலாமா வேணாமான்னு பத்து நாளா யோசனை. உங்க குரூப் போன பின்னாடி மூணு குரூப் வந்துட்டுப் போச்சு. ஜெட்டியில எந்த லிஸ்ட்டைப் படிச்சாலும், கடைசிப் பேரு முடிஞ்சதும் ஒரு பொம்பளைக் குரல், ‘என் பேரைக் கூப்பிடலையே’ன்னு கேக்குது. கோவமா இல்லம்மா, மெதுவாத்தான் கேக்குது. அன்னிக்கு நான் என் கையால அடிச்ச பேரு ஒண்ணே ஒண்ணுதான். இன்னா செய்யறதுன்னு எழுதுங்க.”

நாலாய் மடித்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். “யார் லெட்டர்?” என்றார் இவர். “போட்டோ அனுப்பியிருக்கார்” என்றேன்.

21-3-89

அரிசி எடுக்கும்போதெல்லாம் கை அதில்தான் படுகிறது.

24-3-89

என் பேர் ஒரு காகிதத்தில் இல்லை என்று நாலு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் அங்கே தனியாக நின்று அதையேதான் கேட்கிறாள்.

இவர் கிணற்றடியிலிருந்து வந்ததும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்தார். சுவரோரமாக உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

30-3-89

துளசிங்கத்துக்குப் பதில் போட்டேன். ‘அடுத்த மாதம் வருகிறோம். அதுவரை லிஸ்ட் முடிந்ததும் எல்லம்மா என்று ஒரு தரம் கூப்பிட்டு வையுங்கள். வேறொன்றும் வேண்டாம்.’

12-4-89

ராஜகோபாலன் டிக்கெட் கொண்டுவந்தார். இரண்டு மாசம் முன்னால்தானே போய்வந்தீர்கள், அங்கே அப்படி என்ன விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார். காப்பியில் சர்க்கரை சரியாகப் போட்டுக் கொடுத்தேன்.

டிக்கெட்டில் கங்காதரன், மனைவி காந்திமதி என்று இருக்கிறது. நேற்று தாம்பரத்தில் ஒரு புடவை எடுத்தேன், அரக்குச் சிவப்பு. குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வரும்போது தண்ணீரோடு அதை மடியில் வைத்துக்கொண்டால் போதும், குடத்துக்குத் தனி டிக்கெட் கேட்க மாட்டார்கள் என்கிறார் இவர்.