உப்புப் பார்த்த கை

கோடைக்கானல்,
5.8.1981

அன்பு மனைவிக்குத் தோத்திரம்.

மகளும் பச்சைப்பிள்ளையும் சுகமா? எண்பது கிலோவுக்குக் கீழே வந்தால்தான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் விட்டதில் ஆறு கிலோ குறைந்தது. பிறகு ஐந்து வாரமாக முள் எண்பத்திரண்டிலேயே நின்றது.

நர்ஸ் கித்தேரியம்மாள்தான் கண்டுபிடித்தார்.

"ஏண்ணே, ஹாஸ்டல் சமையல்ல உப்பு யாரு பாக்குறது?"

"நாந்தான். ஒவ்வொரு சட்டியிலயும் ரெண்டு கரண்டி ருசி பாப்பேன்."

"பாயசத்துலயுமா? அதுவும் சாப்பாடுதாண்ணே!"

மூன்று வாரமாக என்னோடு சமைக்கும் கஸ்பார் ருசி பார்க்கிறான். ஹாஸ்டல் பிள்ளைகள் தினமும் உப்பைத் திட்டுகிறார்கள். நேற்று எழுபத்தொன்பதரை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

பிள்ளையை விட்டு வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்